உச்சிக்குழி

ஆமையின் முதுகில் ஒரு கோடு குறைந்திருந்தது.

நஸ்ரியா புழக்கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைபேசியில் இருந்த படத்தையும் எதிரே செங்கல் வளையத்துக்குள் கிடந்த ஆமையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். படம் போன வாரம் எடுத்தது. முதுகின் நடுக் கட்டத்தில், கறுத்த ஓட்டின் மேல், மையப் புள்ளியிலிருந்து எட்டு மஞ்சள் கோடுகள் நாலா பக்கமும் தெறித்து ஓடின. இப்போது ஏழுதான். சேறு மறைத்திருக்கும் என்று நினைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். சேறு போயிற்று; கோடு வரவில்லை. கோடு இருந்த இடம் கறுப்பாகவும் இல்லாமல் மஞ்சளாகவும் இல்லாமல், நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனிபோல் வெளுத்துக் கிடந்தது.

நட்சத்திர ஆமையின் கோடு அப்படி அழிவதில்லை. அவள் விலங்கியல் படித்தவள். இந்த ஒன்றை நம்பித்தான் அவள் வேலையே இருந்தது. ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் ஓரத்தில்தான் வளரும். நடுவே இருக்கும் மஞ்சள் புள்ளி, முட்டையை உடைத்துக்கொண்டு வந்த அன்று இருந்த அதே புள்ளி. கோடுகள் அதிலிருந்து வருடா வருடம் நீளும். வயதானால் மங்கும், தேயும். ஒரு வாரத்தில் ஒரு கோடு மட்டும் எழுந்து போய்விடாது.

மதுக்கரையைத் தாண்டிக் கரட்டோரம் ஒரு தகரக் கொட்டகையில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக்குக் கடத்தும்போது பிடிபட்ட ஆமைகள் அங்கே வரும். ஒவ்வொன்றையும் சாக்ஸுக்குள் திணித்து, டேப் சுற்றி, பெட்டியில் அடுக்கியிருப்பார்கள். திறக்கும்போது எழும் மூத்திரமும் அழுகிய கீரையும் கலந்த வாடை அவள் துப்பட்டாவில் ஏறினால் துவைத்தாலும் போகாது. எந்த ஆமையை எந்தக் காட்டில் விடுவது என்று பிரிக்க வேண்டும். எல்லாம் ஒரே இனம்தான். ஆனாலும் வடக்கத்தி ஆமை பெரிதாக, மங்கலாக இருக்கும். தெற்கத்தி ஆமை சிறிதாக, இப்போதுதான் தூரிகையால் இழுத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். கோடு எத்தனை, எவ்வளவு அகலம், எங்கே கிளைக்கிறது என்று பார்த்துப் படமெடுப்பாள். அதற்குப் பிறகு சுபாவம். மூக்கு நுனியை விரலால் மெல்லத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில ஆமைகள் புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை இழுத்துக்கொண்டால், டீ குடித்துவிட்டு வந்தாலும் எட்டிப் பார்க்காது. சிலது இழுத்த வேகத்திலேயே நீட்டும். சிலது இழுப்பதே இல்லை. விரலைக் கடிக்க வரும்.

"அம்மணி கூச்சப்படறதப் பாத்துட்டு ஆமையே வெளிய வந்துருதுங்க, அட இது நம்மளவிட மோசமா இருக்குதேன்னு" என்று கொட்டகைப் பொறுப்பாளர் கிருபாசங்கர் சிரிப்பார். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ஆமையை எடுப்பாள்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்தபோது ஆமைகளுக்குச் சளி கண்டது. இந்த ஆமைக்குத்தான் மோசம். மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் கோழை குமிழ் கட்டி உடைந்தது. தொண்டைக்குள் ஏதோ கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. கொட்டகையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில், நோயான ஆமையை வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே வழக்கம். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

"ஊட்ல ஒரு குண்டு பல்பு போட்டு வெச்சிருங்க அம்மணி. சளி நின்னதும் கொண்டாந்துருங்க" என்று கிருபாசங்கர் அட்டைப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டில் அப்போது பிறந்த குழந்தை இருந்தது.

அக்கா இல்மா பிரசவத்துக்கு வந்திருந்தாள். மச்சான் ஷார்ஜாவில். இதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது போனபோது இல்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் பல நாள் யாரோடும் பேசவில்லை. அதனால் இந்த ஆண் குழந்தை பிறந்ததிலிருந்து கோட்டைமேட்டில் அந்தச் சந்து வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள், உரக்கப் பேசினால் யாரோ வந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. அம்மா உம்மல் குல்சும் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். வேலை விஷயம் என்பதால் தடுக்கவில்லை. குழந்தை இருக்கும் அறைப்பக்கம் மட்டும் கொண்டுபோகாதே என்றாள். நஸ்ரியா கொண்டுபோகவில்லை. புழக்கடையில்தான் வைத்தாள்.

புழக்கடை முழுக்கச் சிமென்ட். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண் விட்டிருந்தார்கள். அந்த மண்ணுக்கு ஒரு வேலை உண்டு. வீட்டில் யார் நகம் வெட்டினாலும், சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டினாலும், உம்மல் குல்சும் அதைக் காகிதத்தில் மடித்து அங்கேதான் புதைப்பாள். உடம்பிலிருந்து விழுந்தது எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது, உடம்பு போகிற இடத்துக்கே போக வேண்டும் என்பாள். அவளைப் பார்த்து வளர்ந்த நஸ்ரியாவுக்கும் அது கைப்பழக்கம். ஆமையின் கால் நகத்தைப் பரிசோதனைக்காக வெட்டிக் குப்பியில் போட்டபோது, மிஞ்சிய துணுக்கை யோசிக்காமலே மரத்தடியில் விரலால் குழி பறித்து மூடினாள். அதே மண்ணில்தான் செங்கல் அடுக்கி ஆமையையும் விட்டாள். ஆமைக்கு மண் வேண்டும். வேறு மண் வீட்டில் இல்லை.

ஏழாம் நாள் குழந்தைக்கு முடி இறக்கி, ஆஸிம் என்று பெயர் வைத்தார்கள். நஸ்ரியா வேலைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் உம்மல் குல்சும், மழித்த முடியையும் முதன்முதலாக வெட்டிய நகத்தையும், ஒரு செங்கல்லை நகர்த்திவிட்டு, அந்த மண்ணில் புதைத்துவிட்டிருந்தாள்.

கோடு குறைந்ததை நஸ்ரியா பார்த்தது அதற்கு அடுத்த நாள்.

அன்று மாலை மழை சற்று ஓய்ந்திருந்தது. ஓடுகளிலிருந்து சொட்டும் தண்ணீர் சிமென்ட்டில் விழுந்து விழுந்து தெறிக்க, பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளிக்கும் மணம் ஈரக்காற்றில் கனத்து நிற்க, அவள் செம்பருத்தி இலைகளை எடுத்துக்கொண்டு போனபோது ஆமை எதையோ மென்றுகொண்டிருந்தது. இலை போட்டிருக்கவில்லை. மண்ணில் ஒரு குழி. ஆமையின் கடைவாயிலிருந்து கறுப்பாக ஒரு நூல் தொங்கியது. வேர் என்று நினைத்து விரலால் பிடித்து இழுத்தாள். அது வந்தது. வந்துகொண்டே இருந்தது. மெல்லிசான, ஈரமான, கோழையில் பின்னிய கொத்து. சந்தன வாசம் அடித்தது. முடி இறக்கிய ஆஸிமின் தலையிலும் அதே வாசம் அடித்தது அவளுக்கு நினைவு வந்தது. விரலில் சுற்றிக்கொண்ட முடியை உதறினாள், ஒட்டிக்கொண்டது. மீதி ஆமையின் தொண்டைக்குள் போயிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க ஆமை கீழ் இமையை மேலேற்றிக் கண்ணை மூடிக்கொண்டு, சதைப்பற்றான ரோஸ் நிற நாக்கால் உந்தி, விழுங்கியது.

சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். நகக்கண்ணில் ஒரு முடி செருகியிருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள்: அம்மா அழுவாள், அதை இல்மா கேட்பாள், இல்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆமை எலும்பைத் தின்னும், சாணியைத் தின்னும், செத்த பல்லியைத் தின்னும். சுண்ணாம்புச் சத்துக்காகத் தின்னும். இதுவும் அப்படித்தான். அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓரத்திலிருந்து அல்ல, மையத்திலிருந்து. பிறந்தபோது இருந்த அந்தப் புள்ளி வெளுத்து, விரிந்து, கட்டம் முழுக்கப் பரவியது. ஆமைக்குச் சளி குறைந்தது. மூக்கு காய்ந்தது. கிருபாசங்கருக்கு அவள் அதை மட்டும் தெரிவித்தாள். ஆனால் ஆமையின் சுபாவம் மாறிப்போயிற்று. முன்பு மூக்கைத் தொட்டால் தலையை இழுத்துக்கொண்டு வெகுநேரம் ஒளிந்து கிடக்கும் ரகம் அது. இப்போது தொட்டால் இழுக்கவில்லை. தலையைத் திருப்பி அவள் விரலைத் தேடியது. வாயைத் திறந்து, கடிக்காமல், ஈறுபோன்ற விளிம்பால் விரல்நுனியைக் கவ்விச் சப்பியது. சூடாக இருந்தது. ஆமையின் வாய் சூடாக இருக்காது.

குழந்தையின் தலையில் பொருக்குக் கட்டத் தொடங்கியது.

"பால் பொருக்குத்தான் கண்ணு. உங்க ரெண்டு பேருக்கும் வந்துச்சு. எண்ணெயத் தேச்சு ஊற வெச்சா தானா வந்துரும்" என்றாள் உம்மல் குல்சும். இல்மா சிரித்தாள். தேங்காய் எண்ணெய் பளபளத்த அந்தத் தலையை நஸ்ரியா தள்ளி நின்றே பார்த்தாள். கிட்டே போக மனம் வரவில்லை. மழித்த தலையில், உச்சிக்குழியின் மேல், மஞ்சளாக ஒரு புள்ளி. அதைச் சுற்றி அழுக்குக் கறுப்பில் தடித்த தோல். எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. அவள் துப்பட்டாவில் இருக்கும் நாற்றம். தன் மேலிருந்துதான் அது வருகிறது என்று நினைத்து அன்று குளித்தாள். குளித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அந்த அறையில் அது இருந்தது.

மறுநாள் புள்ளியிலிருந்து கோடுகள் கிளம்பியிருந்தன.

வேறு யாருக்கும் அது பொருக்கின் வெடிப்பாகத்தான் தெரிந்திருக்கும். கோடு பார்ப்பதே தொழிலாகிப்போனவளுக்கு அப்படித் தெரியவில்லை. நெற்றிப்பக்கம் போகும் கோடு பாதியில் இரண்டாகக் கிளைத்தது. இடது காதை நோக்கி ஓடிய கோடு மற்றதைவிட அகலம். கைபேசியில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இல்மா குளிக்கப் போன நேரத்தில், தொட்டிலின் மேல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிளை இருந்த இடத்தில் கிளை. அகலம் இருந்த இடத்தில் அகலம். ஒரு ஆமைக்கு இருப்பது இன்னொரு ஆமைக்கு வராது.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. இரண்டு நாளாக அது அழவே இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கே தெரியாமல் விரல் நீண்டது. மூக்கு நுனியை மெல்லத் தொட்டாள்.

புஸ் என்று ஒரு மூச்சு.

கழுத்துத் தோல் மடிந்தது. தாடை சட்டைக்குள் இறங்கியது. பிறகு வாய், பிறகு மூக்கு. ஒரு பிள்ளையின் தலை அவ்வளவு தூரம் இறங்காது. இறங்க அங்கே இடம் கிடையாது. சட்டைக் கழுத்துக்கு மேலே எண்ணெய் பளபளக்கும் அந்தத் தடித்த உச்சி மட்டும் தெரிந்தது. நஸ்ரியா நகரவில்லை. எத்தனையோ முறை கொட்டகையில் செய்ததுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தாள். கொடியில் காயும் துணிகளின் ஈர வாடை. குளியலறையில் சொம்பு மோதும் ஒலி. வெகுநேரம் கழித்து, முதலில் மூக்கு வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் நடந்ததுதான் அவளை முடிவெடுக்க வைத்தது. இல்மா மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு பாலை மறுத்தது. அப்போது புழக்கடையிலிருந்து ஆமையின் கீச்சொலி வந்தது. மூக்கடைத்த ஆமை அப்படிச் சீழ்க்கை விடும். இது சீழ்க்கை இல்லை. உடைந்து உடைந்து, மூச்சை இழுத்து, மறுபடி எழுந்தது. இல்மாவின் நைட்டியில் மார்புக்கு நேராக இரண்டு ஈர வட்டங்கள் தோன்றின. வளர்ந்தன.

"இவன் குடிக்கவே மாட்டேங்கறான், பால் மட்டும் தானா ஊத்துது பாரு" என்று அவள் வெட்கத்தோடு துண்டை எடுத்துப் பொத்திக்கொண்டாள். பிறகு முகத்தைப் புழக்கடைப் பக்கம் திருப்பி, எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிறவள்போல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

நஸ்ரியா எழுந்து போனாள். ஆமை செங்கல் மேல் முன்காலை வைத்து எம்பிக்கொண்டிருந்தது, வீட்டைப் பார்த்து. முதுகின் நடுக் கட்டத்தில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. கறுப்பும் இல்லை. அங்கே ஓடே இல்லை. பாலாடைபோல் ஒரு தோல், அதன் மேல் பூனைமுடி. அவள் விரலை வைத்தாள். மெத்தென்று அமுங்கியது. அடியில் துடித்தது. வேகமாக, விடாமல், ஆமை இதயத்துக்கு இல்லாத வேகத்தில். விரலை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு ஒன்றுதான் புரிந்தது. இது பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை இந்த வீட்டைவிட்டு அகற்றினால் எடுப்பது நிற்கும். அக்காவுக்கு இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் ஆமையை ஒரு பழைய துண்டில் சுற்றி, துணிப்பையில் வைத்து, உக்கடத்தில் மதுக்கரை பஸ் ஏறினாள். மழை. ஜன்னல் தகடுகளை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரக் குடையும் டீசலும் மல்லிகையும் சேர்ந்து மூச்சடைத்தது. பை அவள் மடியில் கனத்தது. தொடையில் வெதுவெதுப்பாக ஈரம் இறங்கியது. அது மழையல்ல என்று தெரிந்தும் அவள் அசையவில்லை. குனியமுத்தூர் தாண்டும்போது பைக்குள்ளிருந்து சத்தம் கிளம்பியது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க கண்ணு, பச்சப் புள்ளைய இப்படியா பையில அமுக்கி வெப்பாங்க? துணிய வெலக்கி உடுங்க. மூச்சு முட்டீரும்."

ஆமைங்க, என்று சொல்ல நஸ்ரியா வாயைத் திறந்தாள். நாலைந்து முகங்கள் திரும்பியிருந்தன. பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். சத்தம் அடங்கியது. அணைத்ததால் அடங்கியது என்பது அவளுக்கு நெடுநேரம் அருவருப்பாக இருந்தது.

கொட்டகையில் தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் கிருபாசங்கர் காதருகே குனிந்துதான் பேசினார். ஆமையைத் திருப்பிப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். சளி சுத்தமாக நின்றுபோனதில் அவருக்குச் சந்தோஷம். முதுகைப் பார்த்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நாங் குடுத்த ஆமை இல்லீங்களே அம்மணி."

அதேதான் என்றாள்.

"ஓட்டுல ஏதோ அழுகல் புடிச்சிருக்குது போல. சரி உடுங்க, மருந்து வெச்சுப் பாக்கலாம். நீங்க எதுக்கு இப்படி வெளுத்துப் போயிருக்கீங்க? மொதல்ல ஊட்டுக்குப் போங்க."

அவர் அதை மற்ற ஆமைகளின் தொட்டியில் இறக்கினார். வழக்கமாக மனிதக் கை வந்ததும் எல்லாம் தலையை இழுத்துக்கொள்ளும். இப்போது ஒன்றும் இழுக்கவில்லை. மூலை மூலையிலிருந்து கழுத்துகள் நீண்டன. நஸ்ரியா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் சத்தம் எழுந்தது. மழைதான், என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கை லேசாக இருந்தது. நெஞ்சும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. கூடத்தில் அம்மா தொழுதுகொண்டிருந்தாள். இல்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் துணிச்சுருளாகக் குழந்தையை வைத்திருந்தாள். குண்டு பல்பைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள்.

"குளுருதுன்னு நெனச்சு அம்மா போட்டுச்சு. வெளிச்சத்துக்கு அடியில வெச்சா நல்லாத் தூங்கறான். இன்னைக்கு மார்ல ஒரு சொட்டுப் பாலும் வரல நஸ்ரி. மத்தியானத்துல இருந்தே. நின்னு போச்சு."

மத்தியானத்திலிருந்து.

அறையில் அந்த நாற்றம் போகவில்லை. அதிகமாகியிருந்தது. கொட்டகையின் நாற்றம். அழுகிய கீரை. குழந்தையின் கடைவாயில் பச்சையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

"என்னக்கா அது?"

"கறிவேப்பிலைங்க மகாராணி. புழக்கடைல வெச்சிருந்தேன் சித்த நேரம், கைக்கு எட்டுனதப் புடுங்கி வாயில போட்டுக்கிட்டான். கள்ளன்." இல்மா சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. "வாங்கு. கை வலிக்குது. நெம்பக் கனமாயிட்டான்."

நஸ்ரியா வாங்கினாள். கனம். துணிக்கு அடியில் முதுகு. கடினமாக, குளிர்ந்து, வளைந்து. அவள் விரல்கள் துணியின் மேலாகவே கட்டங்களை உணர்ந்தன. கட்டம். இடுக்கு. கட்டம்.

நிற்கவில்லை.

எடுக்கிற ஆமையை அகற்றினால் நிற்கும் என்றுதானே நினைத்தாள்.

கைபேசி அடித்தது. கிருபாசங்கர். ஒரு கையால் எடுத்தாள். மழை இரைச்சல். அதற்கு நடுவே அவர் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"ஏனுங்க அம்மணி... நீங்க கொண்டாந்தது என்னதுங்க? மத்ததெல்லாம் அதும் மேல ஏறிக் கடிக்குதுங்க. நடுவால மெத்துன்னு இருக்குதுல்ல, அங்கியேதான். தூக்கி வெளிய வெச்சுப்போட்டேன். ரத்தம் நிக்க மாட்டேங்குது. சத்தம் கேக்குதுங்களா? உங்களுக்குக் கேக்குதுங்களா?"

கேட்டது.

உடைந்து உடைந்து. மூச்சை இழுத்து. மறுபடி.

கைபேசி அவள் காதோடுதான் இருந்தது. கட்டிலில் இருந்தவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் இல்மா நிமிர்ந்தாள். நைட்டியின் முன்புறம் நனையத் தொடங்கியது. ஒரு வட்டம். இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. அவள் கட்டிலை விட்டு இறங்கினாள். தங்கையின் கையில் இருந்ததைத் திரும்பியும் பார்க்காமல், செருப்பில்லாமல், வாசல் பக்கம் நடந்தாள்.

"ஆஸிம் அழுகறான்" என்றாள். "வாரேன் கண்ணு, வாரேன்."

வாசற்கதவு திறந்தது. மழைச்சத்தம் உள்ளே வந்தது.

பல்பு வெளிச்சத்தில் நஸ்ரியா குனிந்து பார்த்தாள். துணிச்சுருளின் வாயிலிருந்து தலை மெல்ல வெளியே வந்தது. கழுத்து நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. வாயில் மிச்சமிருந்த இலையைப் பக்கவாட்டில் மென்றது. கறுத்த, ஈரமான கண்கள் அவளையே பார்த்தன.

பிறகு, மேல் இமை அசையாமலே இருக்க, கீழ் இமை மெதுவாக மேலே ஏறிக் கண்ணை மூடியது.